ஆணிக்குச் சொன்ன ஆமென்

சோறு ஆறும்போது அதற்கென்று தனியாக ஒரு வாசனை உண்டு. வடித்து இறக்கும்போது வருவது வேறு. தட்டில் போட்ட பிறகு யாரும் கை வைக்காமல் இருக்க, ஆவி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்போது வருவது வேறு. கப்பலில் சாக்கு சாக்காகக் கிடந்து வந்த ரேஷன் அரிசி என்றால் அதில் சணல் வாடையும் லேசான மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்திருக்கும். பசியோடு குனிந்து அந்த வாசனையை முகர்ந்தபடி, இன்றைக்கு என்ன நல்லது நடந்தது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்ததுதான் என் சிறு வயதின் சாயங்காலங்கள்.

அறுபதுகளின் பின்பாதி அது. தெற்கு அந்தமானில் பெரார்கஞ்சுக்கு உள்ளே தள்ளி, காட்டை வெட்டித் திருத்திய சரிவு ஒன்றில் எங்கள் குடிசை இருந்தது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மரம் வெட்டும் வேலைக்குக் கப்பலேறி வந்து, மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போக மனமில்லாமல் அம்மாவையும் அழைத்து வந்துவிட்டவர். அக்கா எஸ்தரும் நானும் இங்கேயே பிறந்தோம். சுற்றிலும் வங்காளக் குடும்பங்கள். எங்களுக்கு அடுத்த குடிசையில் இருந்த வங்காளத்து அம்மாளை நாங்கள் "மாசி" என்று கூப்பிடுவோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு வங்காளம் தெரியாது, இரண்டு பக்கமும் உடைந்த இந்தியில் பேசிக்கொள்வோம்.

அப்பா கையெழுத்துப் போடுவதற்கு மேல் படித்தவரல்லர். ஆனால் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. சாயங்காலம் சோறு போட்டதும் நாலு பேரும் பாயில் உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் அன்றைக்கு ஆண்டவர் செய்த ஒரு நன்மையை வாய்விட்டுச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும். ஒருவர் சொன்னதும் மற்ற மூவரும் "ஆமென்" சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் சாப்பாடு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "முறை". அப்பாவின் முறை முதலில், பிறகு அம்மா, பிறகு அக்கா, கடைசியில் நான். வேண்டுதல், விண்ணப்பம், முறையீடு எதுவும் அந்த நேரத்தில் கூடாது. அவையெல்லாம் காலை ஜெபத்துக்கு உரியவை.

"கொறை சொல்லுததுக்கு நாள் பூரா கெடக்கு. இந்த ஒரு நிமிசம் அவருக்குள்ளது" என்பார் அப்பா.

சொன்னதையே மறுநாளும் சொல்லக் கூடாது. ஒரு நாளில் இரண்டு நல்லது நடந்துவிட்டால் ஒன்றைப் பதுக்கி வைத்து அடுத்த நாள் எடுத்துவிடப் பார்ப்பேன். அப்பா கண்டுபிடித்துவிடுவார். "ஏல, அது பழசு. வானத்துலேருந்து விழுந்த மன்னா மாதிரிலே இது, மறுநாளைக்கு வச்சா புழு விழுந்துரும். இன்னிக்குள்ளதச் சொல்லு." நான் விழிப்பேன். சோறு ஆறும். அக்கா பல்லைக் கடிப்பாள். ஒருமுறை வேறு வழி தெரியாமல், "அக்கா இன்னைக்கு என்னை அடிக்கல, ஸ்தோத்திரம்" என்றேன். "ஆமென். நாளைக்கு ரெண்டையும் சேத்து வாங்கிக்கோ" என்றாள் அக்கா, ஒரே மூச்சில். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இப்படிச் சொல்லும்போது ஏதோ விளையாட்டாகத் தோன்றலாம். அந்த முறை இல்லாதிருந்தால் நாங்கள் அந்தக் காட்டில் தாக்குப் பிடித்திருப்போமா என்று தெரியவில்லை. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. நெல்லில் பாதியைப் பன்றியும் மானும் தின்றுவிடும். இரண்டாவது வீட்டுப் பையன் காய்ச்சலில் போனான். இவ்வளவுக்கும் நடுவில் தினமும் ஒரு நல்லதைத் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் கண் தானாக அதைத் தேட ஆரம்பித்துவிடும். மாடு சேற்றில் வழுக்கி எழுந்தால், கால் ஒடியவில்லையே என்றுதான் மனசு முதலில் போகும். பிற்காலத்தில் பல ஊர்களில் பலவிதமான மனிதர்களோடு வேலை செய்தபோது, என்னைவிட நன்றாக வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கண் இல்லாததைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சரிவில் எங்களுக்குப் பெரிய தொந்தரவு அட்டை. மழைக்காலத்தில் காட்டுக்குள் போய் வந்தால் விரலிடுக்கு, முழங்கால், இடுப்பு என்று எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்துப் போட்டால் ரத்தம் நிற்காது. புகையிலையைக் கசக்கி வைத்தாலும் ஒழுகிக்கொண்டே இருக்கும். அம்மா துவைக்கும் துணியில் ரத்தக்கறை இல்லாத துணி கிடையாது. ஆகையால், ரத்தம் சிந்தாத நாள் எங்கள் வீட்டுக் கணக்கில் நல்ல நாள். முறையில் யாராவது அடிக்கடி அதைச் சொல்வதுண்டு.

அப்படியொரு மழைக்காலத்தில், காட்டு வேலைக்காரர்கள் தங்கியிருந்து விட்டுப்போன பழைய கொட்டகை ஒன்றை அப்பா பிரித்துக்கொண்டு வந்தார். மாட்டுத் தொழுவத்தில் சேறு முழங்கால் வரை வந்துவிட்டது. கீழே பலகை பரப்பினால் மாடு நிற்க இடமாகும் என்பது அவர் எண்ணம். பலகைகளில் துருப்பிடித்த ஆணிகள் நீட்டிக்கொண்டிருந்தன. செருப்பு என்ற பொருள் எங்களிடம் கிடையாது. தொழுவத்தில் பலகையைத் திருப்பிப் போடும்போது ஓர் ஆணி அப்பாவின் குதிகாலில் நேராக ஏறிவிட்டது. அவரே காலை உதறி எடுத்துக்கொண்டார். சாணிச் சேற்றிலேயே நின்று மிச்ச வேலையையும் முடித்தார்.

அன்று சாயங்காலம் அவர் முறையில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. காலைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார். குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

"இம்புட்டு நீள ஆணி ஏறியும் ஒரு சொட்டு ரத்தம் வரல. வேலையும் முடிஞ்சுது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

நாங்கள் மூன்று பேரும் ஆமென் சொன்னோம். அம்மா கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னாள். ரத்தம் வராதது அவளுக்கு அவ்வளவு ஆறுதல்.

அதன் பிறகு ஒரு வாரமோ என்னவோ, ஒன்றும் இல்லை. குதிகால் ஆறிவிட்டது. ஒருநாள் காலையில் வெற்றிலை மெல்ல முடியவில்லை, தாடை பிடித்துக்கொண்டது என்றார் அப்பா. பல்வலியாக இருக்கும் என்று அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். சாயங்காலம் முறைக்கு உட்கார்ந்தபோது அவரால் வாயைத் திறக்கவே முடியவில்லை. பற்களுக்கு நடுவே காற்றைத் தள்ளித் தள்ளி எதையோ சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பா பல்லக் கடிச்சிக்கிட்டு ஆண்டவர வையிற மாதிரி இருக்கு" என்றாள்.

அப்பாவும் சிரித்தார், அல்லது சிரித்தார் என்றே நாங்கள் நினைத்தோம். உதடுகள் இரண்டு பக்கமும் இழுத்து, பல் தெரிய, புருவம் மேலே ஏறி அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்தும் அந்தச் சிரிப்பு முகத்தை விட்டு இறங்கவில்லை. அம்மாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். "ஏங்க, என்ன செய்யுது? இங்க பாருங்க" என்று அவர் தோளைத் தொட்டாள். தொட்டதும் அவர் உடம்பு வில் மாதிரி பின்னால் வளைந்தது. சோற்றுத் தட்டு உருண்டு போனது.

மறுநாள் காலை பஸ் வரவில்லை. சாலையில் எங்கேயோ மண் சரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். மதியத்துக்கு மேல் வழி திறந்ததும் மரம் ஏற்றி வந்த லாரி ஒன்றை மாசியின் புருஷன் கையைக் காட்டி நிறுத்தினார். மரத்துக்கு மேல் பாயைப் போட்டு அப்பாவைப் படுக்கவைத்தோம். மாட்டை மாசி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். லாரி குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும், டிரைவர் ஹாரன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அப்பா வளைந்தார். நினைவு தப்பவில்லை. கண் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "தீரே, பாய், தீரே" என்று அம்மா டிரைவரிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சினாள். மெதுவாகப் போனால் நேரமாகும், வேகமாகப் போனால் ஆடும். எதைக் கேட்பதென்று அவளுக்கே தெரியவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். ஊசி போட்டார்கள். ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிய தனி அறையில் படுக்கவைத்தார்கள். டாக்டர் இந்தியில் சொன்னதை, வார்டில் வேலை பார்த்த தமிழ் ஆயா ஒருத்தி எங்களுக்குச் சொன்னாள். வெளிச்சம் படக் கூடாது, தொடக் கூடாது, சத்தம் கூடவே கூடாது. சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு இழுக்கும். இழுப்பு மூச்சுக்குழலுக்குப் போனால் முடிந்தது. ஊசி போட்டாயிற்று, ஆனால் விஷம் ஏற்கெனவே ஏறிவிட்டது, பார்க்கலாம் என்றாராம்.

"எப்படிம்மா ஆச்சு?" என்று ஆயா கேட்டாள்.

"ஆணி குத்திச்சு. ஆனா ரத்தமே வரலயே" என்றாள் அம்மா.

"அதான்மா வெனையே. ரத்தம் ஓடியிருந்தா கொஞ்சமாச்சும் கழுவிவிட்டிருக்குமாம். ஆழமாக் குத்தி மேல மூடிக்கிச்சுன்னா உள்ளயே இருந்து ஏறுமாம்."

 அம்மா எங்கள் பக்கம் திரும்பி, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "நாம எல்லாரும் ஆமென் சொன்னோமே" என்றாள்.

நானும் அக்காவும் வராந்தாவில் கிடந்தோம். அபர்டீன் பஜாரில் டீக்கடை வைத்திருந்த தமிழர் ஒருவர் தினமும் பன்னும் டீயும் கொடுத்தனுப்பினார். சாயங்காலம் ஆனதும் அக்கா என் காதில், "முறை சொல்லணும்ல. சத்தமில்லாம மனசுக்குள்ள சொல்லு" என்பாள். முதல் நாள் பன்னைச் சொன்னேன். அடுத்த நாள், நேற்றைவிட இன்றைக்கு இழுப்பு குறைவு என்று சொன்னேன். அதற்கடுத்த நாள் இழுப்பு அதிகமாகிவிட்டது. வெகு நேரம் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அக்காவும் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் உபதேசியார் வந்தார். எங்கள் பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். நடந்தே எல்லா வீடுகளுக்கும் வந்து ஜெபம் பண்ணுகிற நல்ல மனிதர். எங்கள் வீட்டு முறையைப் பற்றிப் பல இடங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். செய்தி கேட்டு மழையில் நனைந்தபடி வந்திருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு மெதுவாகத்தான் உள்ளே போனார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அரை இருட்டில் அப்பா மல்லாந்து கிடந்தார். பல் தெரிய, புருவம் உயர்ந்து, அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. உபதேசியார் அதைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்கம்மா! இம்புட்டுப் பாடு படும்போதும் மனுசன் சிரிக்காரு! ஆண்டவருக்குள்ள என்ன சந்தோசம்! ஸ்தோத்திரம்! ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்!"

பழக்கப்பட்ட உரத்த குரல். கடைசி வார்த்தை முடிவதற்குள் அப்பாவின் முதுகு கட்டிலை விட்டு எழுந்துவிட்டது. தலையும் குதிகாலும் மட்டும்தான் கட்டிலில் இருந்தன. கட்டில் கால்கள் தரையில் தடதடவென்று ஆடின. முகத்தில் மட்டும் சிரிப்பு மாறவில்லை. நர்ஸ் ஓடிவந்து, "ஆவாஜ் மத் கரோ! பாஹர், பாஹர்!" என்று, சத்தம் போடாமல் வெளியே போகச் சொல்லி அடங்கிய குரலில் விரட்டினாள். அதற்கும் முன்பே அம்மா உபதேசியாரின் முன்னால் போய் நின்றுவிட்டாள். அவர் வந்தால் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் ஒதுங்கி நிற்பவள்.

"வாய மூடுங்கய்யா" என்றாள். மூச்சுக்குமேல் சத்தம் இல்லை. "அது சிரிப்பு இல்ல. நோவு."

உபதேசியார் அவளை நம்பினாரா, துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தாரா, தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் வராந்தாத் தூணருகில் முழங்காலிட்டு வெகு நேரம் சத்தமில்லாமல் ஜெபித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் அவர் சொன்னார். நாங்களும் முதல் நாள் அப்படித்தானே நினைத்தோம்.

இரண்டொரு நாளில் அப்பா இறந்தார். காலை நேரம். வார்டில் யாரோ தண்ணீர் வாளியைக் கீழே வைத்த சத்தத்தில் தொடங்கிய இழுப்பு நிற்கவில்லை. இறந்த பிறகும் முகம் வெகு நேரம் இறங்கவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த முகத்தைப் பார்த்தார்கள். மழை விட்டு விட்டுப் பெய்தது. உபதேசியார் குழியருகில் நின்று, வாழ்நாளெல்லாம் நன்றி சொன்னவர், வாய் கட்டப்பட்ட பிறகும் சிரிப்பினால் நன்றி சொல்லிக்கொண்டே போனார் என்று பேசினார். ஜனங்கள் விம்மினார்கள். அம்மா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு அந்தப் பேச்சு சபை சபையாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொள்வார்கள். "ஒங்க வீட்டுக்காரரு குடுத்து வச்சவரு அக்கா. சிரிச்சிக்கிட்டே போயிருக்காரு."

அம்மா ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். "இல்லம்மா, அது நரம்பு இழுத்துப் பிடிக்கிறதாம், டாக்டர் சொன்னாரு."

"டாக்டருக்கு என்ன தெரியும், ஆண்டவருக்குள்ள காரியம்" என்று அவர்கள் அவள் கையை ஆறுதலாகத் தடவிக் கொடுப்பார்கள். பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் மாசி சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அம்மாதான் பாயை விரித்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதல் முறை அப்பாவுடையது. அது போக, அடுத்தது அம்மா. அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு அசையவில்லை. ஒரு ஸ்தோத்திரம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு, கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தாள். உன் முறை என்று அர்த்தம். அக்கா தன்னுடையதைச் சொல்லவில்லை. முதலில், அம்மாவின் அந்த மௌனத்துக்கு, "ஆமென்" என்றாள். நானும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அக்கா, மாசி நம்ம மாட்டுக்குத் தவறாமல் தண்ணி காட்டியிருக்கிறாள், ஸ்தோத்திரம் என்றாள். குழி வெட்டும்போது மழை கொஞ்ச நேரம் நின்றது என்று நான் சொன்னேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அப்படியே நடந்தது. ஒருநாள்கூட அம்மா முறையை நிறுத்தவில்லை. ஒருநாள்கூடத் தன் முறையில் வாய் திறக்கவும் இல்லை. கோபமா, விசுவாசம் போய்விட்டதா என்று நான் கேட்டதில்லை. கோபமென்றால் பாயை விரித்திருக்க மாட்டாள். விசுவாசம் பழையபடி இருந்ததென்றால் ஏதாவது சொல்லியிருப்பாள். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அங்கே அவள் தினமும் வந்து உட்கார்ந்தாள் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

என் படிப்பு அந்த வருஷத்தோடு நின்றது. மாட்டையும் வயலையும் கொஞ்ச நாள் பார்த்தேன். பிறகு கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தேன், மாயாபந்தரில் மரம் அறுத்தேன், கப்பலில் சமையல்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு மெட்ராஸ் போனேன், விசாகப்பட்டினம் போனேன், அங்கிருந்து எங்கெங்கோ. நான் ஊர் திரும்பும் நாட்களில் அம்மா பாயை விரிப்பாள். அக்கா கல்யாணமாகிப் போய்விட்டதால் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து, அவள் மௌனத்துக்கு நான் ஆமென் சொல்வேன். அவள் இறந்தபோது நான் கப்பலில் இருந்தேன்.

போன வருஷம் சௌல்தாரியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் சரிவைப் போய்ப் பார்த்தேன். குடிசை இருந்த இடம் தெரியவில்லை, பாக்குத் தோப்பாகிவிட்டது. மாசியின் பேரன்மார் கான்கிரீட் வீடு கட்டியிருக்கிறார்கள். காலில் முள் குத்தினாலும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அக்கா வீட்டில் முறை இல்லை. பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள், யாரைப் பிடித்து உட்கார வைப்பது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு ஆராதனைக்குப் போனேன். பெரிய கட்டடம், டிரம்ஸ், கீபோர்டு, மைக். சாட்சி சொல்லும் நேரம் வந்தது. வேலை கிடைத்தவர்கள், பரீட்சையில் பாஸ் பண்ணியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நன்றி சொன்னார்கள். பிறகு இளவயது பாஸ்டர் என் பக்கம் கையை நீட்டினார்.

"எஸ்தர் அம்மாவோட தம்பி வந்திருக்காங்க. இவங்க அப்பாதான், நாம சொல்வோம்ல, மரணப் படுக்கையிலயும் சிரிச்சிக்கிட்டே ஆண்டவரைத் துதிச்சவரு. பிரதர், ஒரு வார்த்தை சொல்லுங்க."

மைக் என் கைக்கு வந்துவிட்டது. எழுந்தேன். அம்மா சொல்ல முயன்று விட்டுவிட்டதைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். முன்வரிசையில் அக்காவின் பேரப்பிள்ளைகள் முகமெல்லாம் பெருமையாக என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அது நோவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்தோத்திரம் என்று சொல்லவும் வரவில்லை. ஏதாவது ஒன்று வரும் என்று நின்றேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில் யாருக்கும் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை, நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"மனசு நெறஞ்சிடுச்சு, வார்த்தை வரல. அல்லேலூயா!" என்று பாஸ்டர் எனக்காக முடித்துவைத்தார். டிரம்ஸ் தொடங்கியது. எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள்.

பெண்கள் பக்கத்தில் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று தெரியும், ஆனால் அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.